அத்தானுக்கு ஓர் உபசாரப் பத்திரம்

பெருங்களத்தூரில் இருக்கும் என் அக்கா வீட்டுக்காரருக்கு, அவர் மகளின் தாய்மாமன் என்ற உரிமையில் நான் வாசித்தளிக்கும் உபசாரப் பத்திரம் இது. பன்னிரண்டு வருடம் ஒர்க்‌ஷாப்பில் வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்தவன் நான். அந்த வேலையைத் தன் வீட்டு வாசலிலேயே செய்து முடித்த ஒருவரைப் பாராட்டும்போது வாய்க்கு வந்ததைச் சொல்ல எனக்கு மனம் வராது. கண்ணால் பார்த்ததையும் அக்கா சொன்னதையும் மட்டும் சொல்கிறேன். சொன்ன பாராட்டில் ஒன்றைக்கூடத் திரும்பப் பெற மாட்டேன்.

அத்தான், முதலில் உங்கள் பொறுமை. போன ஆடி மாதம் உங்கள் மாருதி 800-இன் முன்பக்கத்தில் 'லொடக்' என்று ஒரு சத்தம் ஆரம்பித்தது. அப்போது வேகத்தடையில் ஏறி இறங்கினால் மட்டும் கேட்டது. ஆவணியில் குண்டும் குழியுமான நம் தெருவிலும் கேட்டது. ஐப்பசி மழையில் கொஞ்சம் அடங்கியது. தானாகவே சரியாகிவிட்டது என்று அக்காவிடம் சொன்னீர்கள். கார்த்திகையில் திரும்ப வந்தது. பொங்கலுக்கு நான் வந்தபோது தெருமுனையில் வண்டி திரும்பும் முன்னமே உள்ளே பாப்பாவுக்குத் தெரிந்துவிட்டது, அப்பா வந்துவிட்டார் என்று. அந்த லொடலொடப்பு அவளுக்கு அவ்வளவு பழகிப்போயிருந்தது. குழாய் சொட்டினால் அன்றைக்கே வாஷர் மாற்றுகிறவர் நீங்கள். அப்படிப்பட்டவர் இந்தச் சத்தத்தை ஆறு மாதம் பொறுத்துக்கொண்டீர்கள். சத்தம் கூடக் கூட எஃப்.எம். சத்தத்தைக் கூட்டிக்கொண்டீர்கள். இந்தப் பொறுமைக்கு ஈடு நான் ஒன்றே ஒன்றைத்தான் பார்த்திருக்கிறேன். அது உங்கள் வண்டியின் பழைய பால் ஜாயின்ட்.

அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அதைப் பாராட்ட இதுவரை யாரும் வாய் திறந்ததில்லை. முன் சக்கரம் மாட்டியிருக்கும் இரும்புக்கு நக்கிள் என்று பெயர். அதன் கீழ்முனையையும் லோயர் ஆர்மையும் சேர்த்துப் பிடிப்பதுதான் பால் ஜாயின்ட். நெல்லிக்காய் அளவில் ஓர் எஃகுக் குண்டு, அதைக் கவ்வும் ஒரு கிண்ணம், நடுவில் கிரீஸ், மேலே ரப்பர் உறை. நம் தோள்மூட்டு மாதிரிதான். சக்கரம் மேலும் கீழும் ஏறி இறங்க வேண்டும், அதே நேரத்தில் இடமும் வலமும் திரும்பவும் வேண்டும். இரண்டுக்கும் இடம் கொடுத்துக்கொண்டே சக்கரத்தின் அடியை விடாமல் பிடித்திருப்பது அது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு ஏர்ல் மெக்ஃபெர்சன் என்ற அமெரிக்க இன்ஜினியர் வடிவமைத்த சஸ்பென்ஷன் இந்த வண்டியில் இருப்பது. அதில் மேல் ஆர்ம் கிடையாது. ஸ்பிரிங்கோடு சேர்ந்த ஷாக் அப்சார்பரே மேலே அந்த வேலையையும் பார்த்துக்கொள்ளும். பாகங்கள் குறைவு, விலையும் குறைவு. ஆனால் இருக்கிற பாகம் ஒவ்வொன்றும் தன் வேலையைச் செய்தே ஆக வேண்டும். கீழே இன்னொரு ஜாயின்ட் காத்துக்கொண்டிருப்பதில்லை.

அந்த ரப்பர் உறை கிழிந்த நாளிலிருந்து அதற்குக் கெட்ட காலம். தண்ணீர் புகுந்தது, மண் புகுந்தது, கிரீஸ் கழுவிக்கொண்டு போனது. குண்டும் கிண்ணமும் ஒன்றையொன்று தின்னத் தொடங்கின. நீங்கள் கழற்றிப் போட்ட பழைய ஜாயின்ட் வாசல் திண்ணையில் கிடந்தது. கையில் எடுத்துப் பார்த்தேன். புது ஜாயின்ட் என்றால் அந்தத் தண்டை அசைக்க மணிக்கட்டில் பலம் வேண்டும். இதைச் சுண்டுவிரலால் தொட்டதும் தலையை ஆட்டியது. குண்டின் ஒரு பக்கம் துருவேறிச் செம்மண் நிறம். கிண்ணத்தின் வாய் அகன்றுபோய், இன்னும் கொஞ்சம் அகன்றிருந்தால் குண்டு வெளியே வந்திருக்கும். வந்திருந்தால் சக்கரம் மடிந்து, வண்டி அந்த மூலையில் தரையில் உட்கார்ந்திருக்கும். இந்த நிலையில்தான் அது ஜி.எஸ்.டி. சாலையில் லாரிகளுக்கு நடுவே பாப்பாவைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்திருக்கிறது. ஒவ்வொரு வேகத்தடையிலும் உங்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. கூப்பிட்டதற்கு யாரும் வரவில்லை என்று அது கையை விட்டுவிடவில்லை. அத்தான், உங்கள் பொறுமையை நான் மெச்சுகிறேன். அதன் பொறுமையைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

அடுத்தது தைரியம். குடியரசு தினத்தன்று காலையில் அக்கா செல்போனில் எடுத்த படம் என்னிடம் இருக்கிறது. தெருவிலிருந்து வாசலுக்கு ஏறும் சிமெண்ட் சரிவில் வண்டி நிற்கிறது. வண்டியோடு வந்த சின்ன ஜாக்கி முன்பக்கத்தைத் தூக்கியிருக்கிறது. துணைக்கு இரண்டு ஹாலோ பிளாக் கல். பின் சக்கரத்துக்கு முட்டு இல்லை. படத்தில் உங்கள் கால்கள் மட்டும்தான் தெரிகின்றன. இடுப்புக்கு மேலே நீங்கள் வண்டிக்கு அடியில். ஏறக்குறைய 650 கிலோ எடையுள்ள வண்டி அது. எங்கள் ஒர்க்‌ஷாப்பில் முதல் நாளே சொல்லிக்கொடுத்தது, "ஜாக்கி தூக்கறதுக்கு, ஸ்டாண்ட் நிறுத்தறதுக்கு, மாத்திப் புரிஞ்சுக்காதே" என்று. ஸ்டாண்ட் இல்லாத வண்டிக்கு அடியில் முப்பது வருட அனுபவம் உள்ள மேஸ்திரியும் தலையை நீட்டியதில்லை. அவர்கள் யாருக்கும் இல்லாத தைரியம் உங்களுக்கு இருக்கிறது. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். ஹாலோ பிளாக் சுவர் கட்டத்தான். ஒரு முனையில் பாரம் விழுந்தால் அது வளைந்து காட்டி எச்சரிக்காது, ஒரே நொடியில் உடைந்துவிடும். இதை நீங்கள் தெரிந்துகொண்டு படுத்தீர்களா, தெரியாமல் படுத்தீர்களா என்று அக்கா என்னைக் கேட்டாள். படத்தை அவள் எதற்காக எடுத்தாள் என்று நான் கேட்கவில்லை. எடுத்தபோது அவள் கை நடுங்கியிருப்பது படத்திலேயே தெரிகிறது.

ஓர் இடத்தில் மட்டும் நீங்கள் என் மனதைக் குளிர வைத்தீர்கள். ஷாக் அப்சார்பரின் மேல்முனை நட்டைத் தொடவில்லை. அந்த ஸ்பிரிங் எப்போதும் அமுங்கிய நிலையிலேயே உள்ளே அடைபட்டிருக்கும். அதை அமுக்கிப் பிடிக்கும் கருவி இல்லாமல் அந்த நட்டைக் கழற்றினால் துப்பாக்கிக் குண்டு மாதிரி பாயும். கழற்றிய ஆட்களின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். "அது வேண்டாம், அது எனக்குத் தெரியாது" என்று நீங்கள் நிறுத்திக்கொண்டதாக அக்கா சொன்னாள். தெரியாது என்ற அந்த ஒரு சொல்லை அன்று காலை இன்னும் நாலைந்து முறை நீங்கள் சொல்லியிருக்கலாம்.

புஜபலத்துக்கு வருகிறேன். டை ராட் எண்டைக் கழற்றும்போது அதைக் காட்டினீர்கள். ஸ்டீரிங் ராக்கிலிருந்து வரும் கம்பியின் முனையில் இன்னொரு குண்டு மூட்டு, அதுதான் நீங்கள் ஸ்டீரிங்கைத் திருப்பினால் சக்கரத்தைத் திருப்புவது. அதன் தண்டு நுனி நோக்கிக் கூம்பி இருக்கும். கூம்பிய துளைக்குள் கூம்பிய தண்டை நட்டுப் போட்டு இழுத்து இறுக்கியிருப்பார்கள். நட்டைக் கழற்றிய பிறகும் அது வராது, கவ்விக்கொண்டு நிற்கும். புல்லர் என்று ஒரு கருவி இருக்கிறது, மாட்டி முறுக்கினால் 'டப்' என்று ஒரு சத்தம், தண்டு கையோடு வந்துவிடும். புல்லர் இல்லாதவர்கள் துளை இருக்கும் நக்கிள் கையின் பக்கவாட்டில் அடிப்பார்கள். மறுபக்கம் இன்னொரு சுத்தியலை முட்டுக் கொடுத்து இரண்டு அடி. அந்த அதிர்வில் பிடி விட்டுவிடும். நீங்கள் தண்டின் மரையிலேயே நேராக, கீழிருந்து மேலே அடித்தீர்கள். இருபது அடி இருக்கும் என்றாள் அக்கா. படுத்துக்கொண்டு அண்ணாந்து சுத்தியல் ஓங்க எவ்வளவு பலம் வேண்டும் என்பது படுத்தவனுக்குத் தெரியும். அந்த பலம் பெரியதுதான். அந்த பலத்தில் தண்டின் நுனி காளான் மாதிரி விரிந்துவிட்டது.

வலது பக்கம் புது டை ராட் எண்ட் போட்டீர்கள், அதனால் அங்கே கவலையில்லை. இடது பக்கம் சத்தம் வரவில்லை என்று பழையதையே திரும்ப மாட்டினீர்கள். விரிந்த மரையில் நட்டு முழுதாக ஏறவில்லை. இங்கேதான் உங்கள் யுக்தியைப் பாராட்ட வேண்டும். எத்தனையோ பேர் இந்த இடத்தில் திகைத்து உட்கார்ந்திருப்பார்கள். நீங்கள் உட்காரவில்லை.

போன ஞாயிறு நான் வண்டியை எடுத்தபோது தெருமுனை தாண்டுவதற்குள் தெரிந்துவிட்டது. வண்டி நேராகப் போக வேண்டுமென்றால் ஸ்டீரிங்கைக் கடிகாரத்தில் இரண்டு மணி பக்கம் திருப்பிப் பிடிக்க வேண்டியிருந்தது. அப்படியே மெதுவாகத் திருப்பிக்கொண்டு வந்து, பக்கத்து வீட்டின் சமதளத்தில் நிறுத்தி, பின் சக்கரத்துக்குக் கல் வைத்து, இடது சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கினேன். மூன்று மணி, ஒன்பது மணி இடங்களில் இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். 'டிக் டிக்' என்றது. செல்போன் வெளிச்சத்தில் எட்டிப் பார்த்தேன். காசில் நட்டு, அதாவது கோட்டை மதில் மாதிரி மேலே வெட்டுகள் உள்ள நட்டு. தண்டில் இருக்கும் துளையும் நட்டின் வெட்டும் நேருக்கு நேர் வரும்போது ஸ்பிளிட் பின்னைச் செருகி, இரண்டு காலையும் விரித்து மடக்கி விடுவது வழக்கம். நட்டு எவ்வளவு அதிர்ந்தாலும் கழலாது. இங்கே வெட்டும் துளையும் பாதிக்குப் பாதி ஒட்டி நின்றன. பின் நுழையும் அளவுக்கு வழியில்லை. அந்தப் பாதித் துளை வழியே மெல்லிய கட்டுக்கம்பி ஒன்று போய் நட்டை இரண்டு சுற்று சுற்றி, நுனியில் முறுக்கி விடப்பட்டிருந்தது. மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குத் தளம் போட்டபோது மிச்சமான கம்பி. முறுக்கு அழகாக இருந்தது. கம்பி கட்டும் ஆள் தோற்றுப்போவான். தொட்டுப் பார்த்தேன். ஒரு பக்கம் அறுந்து, மறு பக்கம் ஒரே இழையில் தொங்கியது. நட்டை விரலால் திருப்ப முடிந்தது.

கட்டுக்கம்பி முறுக்கினால் மடங்குவதற்காகவே மென்மையாகச் செய்யப்பட்டது. கான்கிரீட்டுக்குள் அசையாமல் கிடப்பதற்கு அது. நிமிடத்துக்கு நூறு முறை அதிரும் இடத்துக்கு அது இல்லை. நட்டு கழன்றிருந்தால் கூம்புத் தண்டு கொஞ்ச நேரம் தன் பிடியிலேயே நின்றிருக்கும், பிறகு ஏதோ ஒரு குழியில் நழுவியிருக்கும். அதற்கப்புறம் அந்தச் சக்கரத்துக்கும் ஸ்டீரிங்குக்கும் சம்பந்தமில்லை. அது எந்தப் பக்கம் திரும்ப நினைக்கிறதோ அந்தப் பக்கம் திரும்பும். ஒரு ஸ்பிளிட் பின்னின் விலை ஒரு டீ விலைகூட இல்லை, அத்தான். துளை நேராக வராவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் ஒரே வழிதான். நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கி அடுத்த வெட்டுக்குக் கொண்டுவர வேண்டும். தளர்த்தி ஒருநாளும் நேராக்கக் கூடாது. இறுக்க முடியாத அளவுக்கு மரை கெட்டிருந்தால் அந்தப் பாகம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். உங்கள் யுக்தி அந்தப் பாகம் முடிந்துவிட்டது என்பதை உங்கள் கண்ணுக்கே மறைத்துவிட்டது.

சிக்கனமும் உண்டு. லேபர் கூலி மிச்சம், அலைன்மென்ட் கூலி மிச்சம். கூலி மிச்சமானதில் எனக்கு வருத்தமில்லை. 1983 டிசம்பரில் வெளிவரத் தொடங்கி 2014 ஜனவரியோடு உற்பத்தி நின்றுபோன இந்த வண்டி இன்றும் நம் தெருக்களில் ஓடுவது உங்களைப் போன்றவர்கள் சொந்தக் கையால் பார்த்துக்கொள்வதால்தான். ஆனால் அலைன்மென்ட் மிச்சம் மிச்சமில்லை. வலது டை ராட் எண்டைக் கழற்றும்போது எத்தனை சுற்றில் வெளியே வந்தது என்று நீங்கள் எண்ணவில்லை. எண்ணி, புதியதை அதே சுற்றுக்கு ஏற்றியிருந்தால்கூட ஒரு மட்டத்துக்கு வந்திருக்கும். கண் அளவில் பார்த்து, "நேராத்தான் இருக்கு" என்று முடித்தீர்கள். உங்களுக்கு நல்ல கண். சுவரில் படம் கோணலாக மாட்டியிருந்தால் முதலில் கண்டுபிடிப்பவர் நீங்கள்தான். சக்கரத்துக்கு அந்தக் கண் போதாது. முன் சக்கரம் இரண்டும் ஆளுக்கு ஒரு டிகிரி வெளியே பார்த்து நின்றால், வண்டி ஒரு கிலோமீட்டர் போவதற்குள் ஒவ்வொரு டயரும் 17 மீட்டர் பக்கவாட்டில் இழுபட்டுத் தேய்கிறது. கணக்குப் போட்டால் வருவது அது. உங்கள் டயரின் உள்விளிம்பைத் தடவிப் பார்த்தேன், ரம்பப் பல் மாதிரி கையில் குத்தியது. இரண்டு வாரத்து வேலை. அந்தக் காலத்து மேஸ்திரிகள் கொத்தனார் மாதிரி நூல் பிடித்துச் சரி பார்ப்பார்கள். அதுவாவது செய்திருக்கலாம்.

கடைசியாக வேகம். காலை எட்டு மணிக்கு ஆரம்பித்துப் பதினொன்றரைக்குக் கை கழுவிவிட்டீர்கள் என்றாள் அக்கா. லோயர் ஆர்மின் உள்முனையில் ரப்பர் புஷ் இருக்கிறது, அதையும் புதிதாகப் போட்டீர்கள். அதன் நடுவே ஒரு போல்ட். வண்டி ஜாக்கியில் தொங்கும்போது ஆர்மும் கீழே தொங்கும். அந்த நிலையிலேயே போல்ட்டை முழுசாக இறுக்கினால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொள்ளும். நாள் முழுதும் முறுக்கிக்கொண்டே இருக்கிற ரப்பர் சீக்கிரம் கிழியும். முதலில் கையிறுக்கமாக விட்டு, சக்கரத்தைத் தரையில் வைத்து, வண்டியின் பாரம் அதன் மேல் விழுந்த பிறகு இறுக்க வேண்டும். அதற்கு இன்னும் பத்து நிமிடம் ஆகியிருக்கும். வேகமாக வேலை செய்கிற கைதான் உங்களுக்கு, எனக்கே பொறாமை. அந்தப் பத்து நிமிடத்தைச் சேமித்ததில் புது புஷ்ஷின் ஆயுளில் பாதி போய்விட்டது.

இவ்வளவையும் செய்து முடித்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தீர்கள். அந்த நம்பிக்கையையும் நான் குறை சொல்லவில்லை. இரண்டு வாரம் அந்த ஒற்றை இழைக் கம்பி தாங்கியதற்கு எனக்கும் வேறு காரணம் தெரியவில்லை. அந்த இரண்டு வாரத்திலும் பாப்பா முன் சீட்டில்தான் உட்கார்ந்து போயிருக்கிறாள். எனக்குக் கோபம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். உங்கள் கையில் இந்த வேலை வரும் என்று எனக்குத் தெரிவதால்தான் இந்தக் கோபம். கையில் வராதவரிடம் நான் வாயே திறந்திருக்க மாட்டேன், ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பியிருப்பேன்.

வருகிற சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வருகிறேன். இரண்டு ஸ்டாண்ட், புல்லர், டார்க் ரெஞ்ச் மூன்றும் நான் கொண்டுவருகிறேன். இடது பக்கத்துக்கு ஒரு புது டை ராட் எண்ட், லோயர் ஆர்ம் புஷ் ஒரு ஜோடி, ஸ்பிளிட் பின் ஒரு பாக்கெட் வாங்கி வையுங்கள். பழைய வண்டியில் கழற்றிய பாகம் வேண்டாம். புதுப்பேட்டைப் பழைய பாகக் கடைகளில் கதவு வாங்கலாம், கண்ணாடி வாங்கலாம், ஹெட்லைட் வாங்கலாம். எத்தனை கிலோமீட்டர் தேய்ந்தது என்று தெரியாத குண்டு மூட்டை மட்டும் எங்கேயும் வாங்கக் கூடாது. வேலையை நீங்களே செய்யுங்கள், நான் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். முடித்ததும் நேராக அலைன்மென்ட் கடைக்குப் போவோம், 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு எல்லா நட்டையும் ஒரு தடவை திரும்பத் தொட்டுப் பார்ப்போம். அதுவரை பாப்பா பள்ளிக்கூட வேனில் போகட்டும்.

வண்டிச் சாவியை வீட்டில் தேட வேண்டாம். ஞாயிறு சாயங்காலம் கிளம்பும்போது நான் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.